இரண்டாம் பருவ நிறைவும் பத்து நிமிடக் கைபேசியும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. பிள்ளைகள் கலைத் திருவிழாவில் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். விளையாட்டுப் போட்டிகளிலும் பரிசு வாங்கினார்கள். காலை உணவுத் திட்டத்தால் முதல் பாடவேளைக்கே எல்லாரும் வந்துவிடுகிறார்கள். குடிநீர்க் குழாயைச் சரிசெய்து கொடுத்த பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு நன்றி. மூன்றாம் பருவப் புத்தகங்களைப் பள்ளி திறக்கும் நாளில் கொடுப்போம்.

இந்தப் பருவத்தில் ஸ்மார்ட் வகுப்பறைத் திரையையும் ஆசிரியர்களின் டேப்லெட்டையும் பாடத்துக்கு நிறையப் பயன்படுத்தினோம். பிள்ளைகள் வீட்டில் அதைப் பற்றிப் பேசியிருப்பார்கள். கூடவே "டீச்சர்தான் போனில் பார்க்கச் சொன்னாங்க" என்ற ஒரு வரியையும் கேட்டிருப்பீர்கள். உண்மையில் இந்தக் கடிதம் அந்த வரியைப் பற்றியதுதான்.

நாங்கள் சொன்னது என்ன என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். வாரத்தில் இரண்டு நாள், பத்து நிமிடம். ஒரு நாள் பாடப்புத்தகத்தில் இருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ஒரே ஒரு காணொளி. இன்னொரு நாள் ஒரு நிமிடத்துக்குள் வாசித்த குரல் பதிவு. அவ்வளவுதான். இதற்கு மேல் எந்த வகுப்பிலும் எந்த ஆசிரியரும் கைபேசி வேலை கொடுக்கவில்லை. இரவு பத்து மணி வரை போன் பிள்ளை கையில் இருந்தால், அதில் பள்ளிக்கான நேரம் பத்து நிமிடம் மட்டுமே.

வகுப்பில் திரையை எப்படிக் கையாள்கிறோம் என்று சொன்னால்தான் வீட்டில் என்ன மாறிப்போகிறது என்பது புரியும்.

நான்கு நிமிடக் காணொளியை வகுப்பில் நான்கு நிமிடத்தில் முடிப்பதில்லை. இருபது நிமிடம் ஆகும். நீர் ஆவியாவதைப் பற்றிய பாடம் என்றால், அன்று காலையிலேயே வராந்தாவில் வெயில் படும் இடத்தில் ஒரு தட்டில் இரண்டு மூடி தண்ணீர் ஊற்றி, அது நிற்கும் ஓரத்தைச் சாக்பீஸால் குறித்துவிடுவோம். காணொளி ஓடும்போது விடை வருவதற்குச் சற்று முன்னால் நிறுத்துவோம். "தட்டில் இருந்த தண்ணீர் எங்கே போச்சு?" என்று கேட்டால் எல்லாரும் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். "தட்டு குடிச்சிடுச்சு" என்று எழுதும் பிள்ளையும் உண்டு, அதுவும் யோசித்து எழுதியதுதான். அப்புறம் வெளியே போய்த் தட்டைப் பார்ப்போம், திரும்பி வந்து மீதியைப் பார்ப்போம். நிறுத்துகிற அந்த இடத்தில்தான் பாடம் நடக்கிறது. நிறுத்தாமல் ஓடவிட்ட காணொளியைப் பிள்ளைகள் ரசிப்பார்கள். மறுநாள் கேட்டால் பின்னணி இசை மட்டும்தான் நினைவில் இருக்கும்.

நான்காம் வகுப்பில் பின்னம் நடத்தும்போது சதுரக் குறியீடு அச்சிட்ட அட்டைகளைக் கொடுக்கிறோம். அட்டையின் நான்கு பக்கமும் நான்கு விடைகள். தனக்குச் சரி என்று படும் விடை மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் டேப்லெட் கேமராவை ஒருமுறை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் எதைச் சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் குறியீடும் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்பிப் பயனில்லை. பிள்ளைகள் கையில் எந்தக் கருவியும் தேவையில்லை. விரல் கறுப்புக் கட்டங்களை மறைத்தால் கேமரா படிக்காது. பளபளப்பாக லேமினேட் செய்தால் சன்னல் வெளிச்சம் பட்டு அதுவும் படிக்காது. அதனால்தான் கெட்டி அட்டையில் ஒட்டி அப்படியே வைத்திருக்கிறோம். "ஏன் லேமினேட் செய்யவில்லை, கிழிந்துவிடாதா?" என்று கேட்டிருந்தவர்களுக்கு இதுதான் பதில்.

ஒரே அளவுள்ள இரண்டு தோசையில் மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நான்கில் ஒரு பங்கு பெரியதா என்று கேட்டால் நிறையப் பிள்ளைகள் நான்கையே சொல்வார்கள். நான்கு மூன்றைவிடப் பெரிய எண் அல்லவா! வாய்விட்டுக் கேட்டால் முன்வரிசையில் நாலு பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள், வகுப்பே புரிந்துகொண்டது போலத் தோன்றும். அட்டை அந்தத் தோற்றத்தை உடைத்துவிடுகிறது. அதற்கப்புறம் திரையை அணைத்துவிட்டுக் காகிதத்தை மடிக்க வேண்டியதுதான். பாடத்தில் நாம் எங்கே நிற்க வேண்டும் என்று கருவி காட்டும், புரியவைப்பது அந்தக் காகிதம்.

இப்போது வீட்டுக்கு வருவோம்.

வீட்டில் காணொளியை நிறுத்த ஆள் இல்லை. சமையல், மாடு, கடை, வேலை முடிந்து வந்த அசதி, எல்லாம் எங்களுக்கும் தெரிந்ததுதான். போனைக் கொடுத்தால் பிள்ளை அமைதியாக இருக்கும் என்பதும் உண்மை. பாடக் காணொளி முடிந்ததும் யூடியூப் அடுத்ததைத் தானாக ஓட்டுகிறது. அதிலிருந்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் குறுங்காணொளிக்குப் போக அரை நிமிடம் போதும். 'ஆட்டோபிளே'யை அணைத்தாலும் அந்தக் குறுங்காணொளிகள் நிற்காது, அவை விரல் தள்ளலில் ஓடுபவை. பத்து நிமிடம் அப்படித்தான் இரண்டு மணி நேரமாகிறது. 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியையும் சேர்த்து நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்குள் திரை நேரம் இருக்க வேண்டும் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. காலையில் முதல் பாடவேளையிலேயே கண்ணைக் கசக்கும் பிள்ளைகளை ஆசிரியர்கள் பார்க்கிறார்கள்.

இதைத் தடுக்க வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் செக்யூரிட்டி பகுதியில் 'ஆப் பின்னிங்' அல்லது 'ஸ்கிரீன் பின்னிங்' என்று ஒன்று இருக்கும். போனுக்குப் போன் இடம் மாறும், மேலே தேடும் கட்டத்தில் 'பின்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் வந்துவிடும். அதை ஆன் செய்து, வெளியேற பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். பிறகு பாடக் காணொளிகள் இருக்கும் தீக்ஷா செயலியைத் திறந்து, திறந்திருக்கும் செயலிகள் வரிசையாகத் தெரியும் பக்கத்துக்குப் போய், தீக்ஷாவின் சின்னத்தைத் தொட்டு 'பின்' கொடுங்கள். அதன்பின் பிள்ளை வேறு எந்தச் செயலிக்கும் போக முடியாது. ஒன்று மட்டும்: போன் பூட்டைத் திறக்கும் பாஸ்வேர்டை முதலில் மாற்றிவிடுங்கள். இப்போது இருப்பது உங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும்.

கியூஆர் குறியீடு வேலை செய்யவில்லை என்று அடிக்கடி புகார் வருகிறது. பெரும்பாலும் பணம் அனுப்பும் செயலியில் ஸ்கேன் செய்திருப்பார்கள், அதில் தவறான குறியீடு என்றுதான் வரும். தீக்ஷாவுக்குள் இருக்கும் ஸ்கேன் சின்னத்தைத் தொட்டுப் பாருங்கள். பக்கம் கிழிந்திருந்தாலோ எண்ணெய் பட்டிருந்தாலோ குறியீட்டுக்குக் கீழே இருக்கும் ஆறு எழுத்துகளைத் தட்டச்சு செய்தாலும் அதே பாடம் வரும். முடிந்தால் நீங்களே முன்கூட்டிப் பதிவிறக்கி, டேட்டாவை அணைத்துவிட்டுக் கொடுங்கள். அப்போது பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு இடத்தில் நிறுத்தி "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டால் போதும். விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை.

கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் ஒளிபரப்பாகிறது. ஒரே பாடத்தைப் போனில் பார்ப்பதைவிட டிவியில் பார்ப்பதையே நான் விரும்புவேன். விரலால் தள்ள முடியாது, வீட்டில் எல்லாரும் பார்க்கலாம், கண்ணுக்கும் தூரம் கிடைக்கும்.

அடுத்தது குரல் பதிவு. இதில்தான் மனத்தாங்கல் வராமல் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் உங்கள் பிள்ளை அரும்பு, மொட்டு, மலர் என்று படிப்படியாக உயரும் கற்றல் நிலைகளில் எதில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பயிற்சி கொடுக்கிறோம். வீட்டில் வாசித்த பதிவு அதற்கு உதவும் என்றுதான் கேட்டோம். வருகிற பதிவுகள் சிலவற்றில் பின்னால் அம்மா முணுமுணுத்துச் சொல்லிக்கொடுப்பது கேட்கிறது. சிலவற்றில் வாசிப்பது ஆறாம் வகுப்பு அக்கா. சில பதிவுகள் அத்தனை சுத்தமாக இருக்கின்றன, பத்து முறை திருப்பித் திருப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். பிள்ளை நன்றாக வாசிக்க வேண்டும் என்ற ஆசைதான், புரிகிறது. ஆனால் அந்தப் பதிவை நம்பி மொட்டில் இருக்கும் பிள்ளைக்கு மலர் நிலைப் பயிற்சி கொடுத்தால், அது வகுப்பில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு வேண்டியது தடுமாறி வாசித்த பதிவுதான். எந்தச் சொல்லில் நின்றது, எந்த எழுத்தைத் தாண்டிப் போனது என்பது அதில்தான் தெரியும்.

ஆகவே முதல் முறை வாசித்ததை அப்படியே அனுப்புங்கள். மின்விசிறி, டிவி, மிக்ஸி மூன்றையும் நிறுத்திவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் போதும். முதல் வகுப்புக்கு மூன்று சொல், மூன்றாம் வகுப்புக்கு ஐந்து வரி. அனுப்பும் முன் பிள்ளையும் அதை ஒருமுறை கேட்கட்டும். வகுப்பில் 'மலை', 'மழை' இரண்டையும் பதிவு செய்து போட்டுக் காட்டினால், தான் இரண்டையும் ஒன்றுபோலச் சொன்னதைத் தன் குரலிலேயே கேட்டுப் பிள்ளை சிரிக்கிறது. 'ல'வுக்கு நாக்கு நுனி மேற்பல் அடியைத் தொடும், 'ழ'வுக்கு நுனி மடிந்து மேலண்ணத்தை லேசாக வருடும் என்று அதன்பின் காட்டினால் பிடித்துக்கொள்கிறது. நாம் பத்து முறை திருத்துவதைவிட அது மேல்.

சில விஷயங்களை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவர அனுமதி இல்லை. பையின் அடியில், சாப்பாட்டுப் பைக்குள், "அப்பாவுக்குத் தெரியும் மிஸ்" என்ற சமாதானத்தோடு இந்தப் பருவத்தில் கைபேசிகள் வந்தன. இனி வந்தால் அணைத்து அலுவலக பீரோவில் வைப்போம். பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்க மாட்டோம், பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். யார் வீட்டுப் பிள்ளையானாலும் இதே விதிதான். அவசரமாகப் பேச வேண்டும் என்றால் பள்ளி எண்ணுக்கு அழையுங்கள், பிள்ளையை அழைத்துக் கொடுக்கிறோம்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் மற்றப் பிள்ளைகளின் படத்தையோ குரலையோ வேறு குழுவுக்கு அனுப்பாதீர்கள், ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். ஒரு பிள்ளை திக்கி வாசித்ததை வேடிக்கையாகப் பகிர்ந்தது எங்கள் காதுக்கும் வந்தது. மீண்டும் அப்படி நடந்தால் அந்த வகுப்புக்குக் குரல் பதிவையே நிறுத்திவிடுவோம். இனி பதிவுகளைக் குழுவில் போடாமல் வகுப்பாசிரியருக்குத் தனியாக அனுப்புங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் வேண்டாம், ஆசிரியர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகள் நம் பள்ளியில் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு எந்தக் குறையும் வராது. மதிய உணவுக்குப் பிறகு டேப்லெட்டில் வகுப்பாசிரியரே பதிவு செய்துகொள்கிறார். "நம்ம வீட்டிலும் வாங்கணும்" என்று பிள்ளை அழுதால் பள்ளிக்காக வாங்க வேண்டிய தேவையே இல்லை என்று எங்கள் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். கடன் வாங்கிப் போன் வாங்கியதாக ஒரு செய்தியும் எங்களுக்கு வரக்கூடாது.

விடுமுறைக்குக் கைபேசி வேலை எதுவும் கிடையாது. பிள்ளை அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஊஞ்சல் சிறார் இதழும் வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் கொடுத்திருக்கிறோம். 'நட' நிலைப் புத்தகம் கடினமாக இருந்தால் அதைவிட எளிய 'நுழை'யிலிருந்து தொடங்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. கோலப் புள்ளி எண்ணுவதும் கடையில் சில்லறை சரிபார்ப்பதும் நல்ல கணக்குதான்.

கூலி வேலைக்குப் போய்வந்து, விளக்கு வெளிச்சத்தில் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து "வாசி, கேட்கிறேன்" என்று சொல்லும் பெற்றோர் நம் பள்ளியில் நிறைய இருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் பேத்தியின் பதிவைத் தவறாமல் அனுப்ப வைக்கிறார். உங்கள் எல்லாருக்கும் ஆசிரியர்கள் சார்பில் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு. மூன்றாம் வகுப்புப் பெற்றோருக்கு: பள்ளி திறந்த முதல் திங்கட்கிழமை, பிள்ளையிடம் பத்து தட்டைப்பயறும் ஒரு கைப்பிடிப் பஞ்சும் கொடுத்து அனுப்புங்கள். ஈரப் பஞ்சில் வைத்து, தினமும் காலை ஒன்பதரைக்கு ஒரே இடத்திலிருந்து டேப்லெட்டில் ஒரு படம் எடுப்போம். எட்டாம் நாள் படங்களை வேகமாகத் தள்ளிப் பார்த்தால் முளை எழுந்து நிற்பது தெரியும். சனி, ஞாயிறு படம் விட்டுப்போனால் செடி திடீரென்று குதித்தது போலாகிவிடும். அதனால் பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் பெற்றோர் யாராவது அந்த இரண்டு நாளும் பஞ்சில் தண்ணீர் தெளித்து ஒரு படம் எடுத்துத் தர முடிந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். டேப்லெட் வைக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்திருப்போம்.