முருகேசனுக்கு ஒரு கடிதம்: போஸ்டரும் பட்டுத் திரையும்

சென்னை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வரன் அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கல்யாணப் பத்திரிகையை மட்டும் அச்சடிக்க வேறு எவனிடமாவது கொடுத்தாயோ, கல்யாணத்துக்குத் தலைகாட்ட மாட்டேன், சொல்லிவிட்டேன். இங்கே கடை ஏதோ ஓடுகிறது. பத்திரிகை வேலை முக்கால்வாசி டிஜிட்டலுக்குப் போய்விட்டது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி வழியாக மையை அழுத்தி அடிக்கிற நம் ஸ்க்ரீன் அச்சுக்கு துணிப்பை, டி-ஷர்ட், கட்சிக் கொடி இவைதான் சோறு போடுகின்றன. மாலதிக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள்.

சண்டைக் காலத்தில் போர்முனைக்குப் போகாமல் ஊரோடு இருந்த நம்மைப் போன்ற அச்சுக்காரர்கள் என்னதான் செய்தார்கள் என்று கேட்டிருந்தாயே, இந்த இரண்டு மாதமாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் உலகப்போர், அமெரிக்கா. அங்கேதான் நம் தொழிலுக்கு அந்தக் கதையில் பெரிய பங்கு.

1930களின் பொருளாதார மந்தத்தில் சாப்பாட்டுக்கே திண்டாடிய ஓவியர்களுக்கு அங்கே அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. 1935இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு ஃபெடரல் ஆர்ட் ப்ராஜெக்ட் என்று பெயர். நியூயார்க்கில் வாரத்துக்கு 23 டாலர் 86 சென்ட். அதில் போஸ்டர் போடும் பிரிவும் ஒன்று. ஆரம்பத்தில் ஒவ்வொரு போஸ்டரையும் கையாலேயே வரைந்து தள்ளியிருக்கிறார்கள். அங்கே வேலைக்கு வந்த அந்தோணி வெலோனிஸ் என்கிற இளைஞர், கடை விளம்பரம் அடிக்கிற ஸ்க்ரீன் பட்டறையில் கை பழகியவர். அந்த வித்தையைக் கொண்டுவந்து இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1938இல் செய்முறையைச் சின்னப் புத்தகமாகவே எழுதிவிட்டார். அப்போது நம்மைப் போல பிலிம் வைத்து ஒளி காட்டி ஸ்க்ரீன் எடுக்கிற (எக்ஸ்போஸ் பண்ணுகிற) வேலையெல்லாம் இல்லை. துஷ் என்கிற பிசுபிசுப்பான மையால் நேராகப் பட்டுத்துணியிலேயே வரைவார்கள். அதன்மேல் பசையை ஒரே சீராக இழுத்துக் காயவிட்டு, பிறகு மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். துஷ் கரைந்துபோய், வரைந்த இடம் மட்டும் கண் திறந்துகொள்ளும். தூரிகை இழுத்த இழுப்பு, அதன் நடுக்கம் முதற்கொண்டு அப்படியே தாளில் விழும். நாம் பிலிம் போட்டு எடுக்கிற ஸ்க்ரீனில் அந்த உயிர் வருமா, நீயே சொல்.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. அடுத்த வருஷமே இந்தக் கூட்டம் அப்படியே போர்க்காலச் சேவைக்கு மாற்றப்பட்டது. காசநோயைத் தடுப்போம், மிருகக்காட்சிச் சாலைக்கு வாருங்கள் என்று அடித்துக்கொண்டிருந்த அதே பட்டறைகளில், விளக்கை அணை, வாயைக் கட்டு, தோட்டம் போடு, பழைய இரும்பைக் கொடு என்று போஸ்டர்கள் வர ஆரம்பித்தன. பட்டுக்கும் தட்டுப்பாடு பார்த்துக்கொள். அமெரிக்காவுக்கு வந்த பட்டில் பெரும்பகுதி ஜப்பானுடையது. அது நின்றுபோனதும் கையிருப்பு பாராசூட்டுக்கும் பீரங்கி வெடிமருந்துப் பைக்கும் போய்விட்டது. பெண்களிடம் பழைய காலுறைகூட வசூலித்தார்கள்.

அந்தத் திட்டத்தின் மொத்தக் கணக்கு 35,000 வடிவங்கள், 20 லட்சம் பிரதிகள் என்கிறார்கள். இன்று கையில் இருப்பவை ஏறக்குறைய 2,000தான். போஸ்டரின் தலையெழுத்து எந்த ஊரிலும் அதுதானே. 1943இல் கடையை மூடியபோது நியூயார்க் கிடங்கில் கிடந்த ஓவியத் துணிகளை எடைக்குப் போட்டதாகவும் படித்தேன். வயிறு எரிந்தது.

வெளிப்படையாகச் சொன்னால், அந்தப் போஸ்டர்களில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. கைத்திறனில் குறையே சொல்ல முடியாது. நாலு வண்ணத்தில் அடங்கிய கட்டமைப்பு, தூரத்திலிருந்தே படிக்கிற எழுத்து. ஆனால் ஜப்பான்காரனைப் பாம்பாக வரைந்து இரும்பு கேட்கிற போஸ்டரைப் பார்த்தால் முகம் சுளிக்கத்தான் தோன்றுகிறது. அரசாங்கம் சொன்னதை அழகாக அடித்துக் கொடுத்தார்கள், அவ்வளவே. நானும் கட்சிக் கொடி அடிக்கிறவன்தான், அந்த வேலையின் சுகமும் எனக்குத் தெரியும், கூச்சமும் தெரியும்.

அவர்களே கூடிச் செய்த காரியம் ஒன்று உண்டு. அதுதான் எனக்குப் பிடித்தது. 1942 ஜனவரியில் பல ஓவியர் சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்து ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் ஃபார் விக்டரி’ என்று ஓர் அமைப்பை உண்டாக்கின. 10,000 பேருக்கு மேல் அங்கத்தினர். அடுத்த வருஷம் ‘அமெரிக்கா இன் தி வார்’ என்ற தலைப்பில் பதிப்போவியப் போட்டி (தகடு, கல், ஸ்க்ரீன் இவற்றில் ஓவியனே செய்து அச்செடுக்கிற படங்களுக்கு) வைத்து 100 படங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1943 அக்டோபரில் நாடு முழுக்க 26 அருங்காட்சியகங்களில் ஒரே சமயத்தில் கண்காட்சி திறந்தது. ஒரே நேரத்தில் 26 ஊர், 26 இடத்திலும் அதே 100 படம், எல்லாமே அசல்! எந்த எண்ணெய் ஓவியனால் இது முடியும்? பிளேட்டும் கல்லும் ஸ்க்ரீனும் வைத்திருக்கிறவனுக்குத்தான் முடியும். படித்ததும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அதில் ஸ்க்ரீன் பிரிவில் பரிசு வாங்கியது ராபர்ட் குவாத்மியின் ‘ரூரல் ஹோம் ஃப்ரண்ட்’. அவர் தெற்கே விர்ஜினியாக்காரர். போர் பற்றிய போட்டியில் வயற்காட்டு ஜனங்களை வரைந்து பரிசை வாங்கிப் போயிருக்கிறார்.

மாஸ்கோவிலும் அதே சமயம் ஒரு கூட்டம் ராப்பகலாக வேலை செய்தது. ஜெர்மனி நுழைந்த சில நாட்களிலேயே, 1941 ஜூன் கடைசியில், டாஸ் என்கிற சோவியத் செய்தி நிறுவனத்தின் பேரில், ஜன்னல்களில் வைக்கிற போஸ்டர்களை ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே ஸ்க்ரீன்கூடக் கிடையாது, வெட்டிய ஸ்டென்சிலும் தூரிகையும்தான். சில படங்களுக்கு 60 ஸ்டென்சிலுக்கு மேல். அதைப் பற்றி ஒரு கடிதம் தனியாக எழுதவேண்டும், இப்போது விடு.

உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது டாக்ஸ் த்ராஷ் பற்றி. பிலடெல்பியாவில் அதே திட்டத்தின் கீழ் பதிப்போவியத்துக்கென்றே ஒரு பட்டறை இருந்தது. அங்கே வேலை பார்த்த கறுப்பர் இவர். முதல் உலகப்போரில் சிப்பாயாக இருந்தவர். படம் வரைந்து அச்செடுக்கிற லித்தோ கல்லை அரைக்கப் பட்டறையில் கார்போரண்டம் பொடி கிடக்குமே, படிக்கிற காலத்தில் நாம் இருவரும் தோள் வலிக்க அரைத்தோமே, அதே பொடி. அதைக் கல்லுக்குப் பதில் செப்புத் தகட்டில் போட்டுத் தேய்த்துப் பார்த்திருக்கிறார். தகடு முழுக்கச் சொரசொரப்பாகி மையை அப்படிக் குடிக்கிறது. அப்படியே அச்செடுத்தால் வெல்வெட் மாதிரிக் கறுப்பு. பிறகு வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் தேய்த்து மழமழப்பாக்கிக்கொண்டே போகவேண்டும். ஆசிட் எல்லாம் வேண்டாம், இருட்டிலிருந்து உருவத்தை வெளியே எடுக்கிற வேலை. சகாக்கள் இருவரோடு சேர்ந்து 1937 வாக்கில் இந்த முறையைக் கண்டுபிடித்தார். தாயார் ஓபீலியாவின் பெயரால் அந்தப் படங்களை ஓபீலியாகிராஃப் என்று அழைத்தாராம்.

இந்த முறையில் 1941 வாக்கில் அவர் செய்தது ‘டிஃபென்ஸ் வொர்க்கர்’. கையில் துளைக்கருவியோடு தனியாக நிற்கிற கறுப்புத் தொழிலாளி. கறுப்பர்களைத் தளவாடத் தொழிற்சாலைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய நேரம் அது. கறுப்பர்களின் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைநகருக்கு ஊர்வலம் வருவோம் என்று மிரட்டிய பிறகுதான் 1941 ஜூனில் ரூஸ்வெல்ட் அந்தப் பாகுபாட்டைத் தடைசெய்து உத்தரவு போட்டார். அந்தப் பின்னணியோடு படத்தைப் பார். நாட்டுக்காக உழைக்கிறேன் என்கிறதா, என்னை உள்ளே விடு என்கிறதா? எனக்கு இரண்டும் சேர்ந்தே கேட்கிறது. அடித்துத் தள்ளிய லட்சம் போஸ்டரும் ஒருபக்கம், இந்தத் தகடு ஒருபக்கம் என்றால் நான் தகட்டைத்தான் எடுப்பேன்.

இன்னொருவர் சியூரா ஒபாட்டா. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஓவியப் பேராசிரியர், பிறந்தது ஜப்பானில். யோசெமிட்டி மலைகளை வரைந்து, டோக்கியோவுக்கு எடுத்துப்போய் மரக்கட்டை அச்சாக 35 படங்கள் போட்டுக்கொண்டு வந்தவர். சில படங்களுக்கு 100 தடவைக்கு மேல் தாளை அழுத்தியிருக்கிறார்கள், அவ்வளவு வண்ண அடுக்கு. 1942இல் அமெரிக்க மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் எல்லோரையும் முகாமில் அடைத்தபோது அவரையும் குடும்பத்தோடு கொண்டுபோனார்கள். டான்ஃபோரான் என்கிற குதிரைப் பந்தயத் திடல், லாயத்தில் குடித்தனம். போன சில வாரங்களிலேயே மனுஷன் அங்கே ஓவியப் பள்ளி ஆரம்பித்துவிட்டார். நூற்றுக்கணக்கில் மாணவர்கள், குழந்தையிலிருந்து கிழவர் வரை. பிறகு யூட்டா பாலைவனத்தில் டோபாஸ் முகாமுக்கு மாற்றினார்கள், அங்கேயும் பள்ளி. ஊரார் மன உறுதியைக் காக்கத்தான் கலை என்று வெளியே சங்கங்கள் பேசிக்கொண்டிருந்தன. அந்தக் காரியத்தை முள்வேலிக்குள் இவர் செய்துகொண்டிருந்தார். எந்தச் சங்கத்துப் பட்டியலிலும் இது வராது, ஆனால் உன் கேள்விக்கு என் பதிலில் இவருக்கு முதல் வரிசை. நீ முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவன், என்னைவிட உனக்கு இது நன்றாகப் புரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் பவுண்டரிக்காரர்களிடம் கார்போரண்டம் பொடி சில்லறையாகக் கிடைக்குமா என்று விசாரி. 80 நம்பர் ஒரு கிலோ, 220 நம்பர் அரைக் கிலோ போதும். இங்கே மூட்டையாகத்தான் தருவேன் என்கிறான். செப்புத் தகடு நான் பார்த்துக்கொள்கிறேன். பத்திரிகை புரூஃப் எடுத்துக்கொண்டு வரும்போது பொடியை வாங்கிக்கொள்கிறேன். உன் பழைய எட்சிங் பிரஸ்ஸின் உருளையைத் துடைத்து எண்ணெய் போட்டு வை. பெண்ணின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது, முகூர்த்தம் எத்தனை மணி, இரண்டையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
சேகர்