கூந்தன்குளத்து அண்ணாச்சிக்கு நன்றி

போன ஞாயிறு காலை, திருநெல்வேலி மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தின் கரையில் குடும்பமாக நடந்துகொண்டிருந்தபோது, சின்னவளின் ரப்பர் செருப்பைத் துளைத்து ஒரு கருவேல முள் ஏறிவிட்டது. வாய்க்கால் பக்கமிருந்து வந்த அண்ணாச்சி ஒருவர் அவளைக் கல்லில் உட்கார வைத்து, ஊக்கால் முள்ளை எடுத்தார். "அழாத தாயி, சத்தம் கேட்டா நாரைக பறந்துரும்ல" என்றதும் அழுகை நின்றது!

அதோடு விடாமல் எங்களை ஊருக்குள் கூட்டிப்போனார். அங்கேதான் விஷயமே. வீட்டு வேம்பிலும் புளியிலும் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. கீழே முற்றமெல்லாம் வெள்ளை எச்சம், மீன் நாற்றம். யாரும் முகம் சுளிக்கவில்லை. தீபாவளிக்குக்கூட இங்கே வெடி போடுவதில்லை. எச்சம் ஊறிய குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது. மணிமுத்தாறு அணைத் தண்ணீர் வந்தால்தான் குளமும் பறவைகளும் என்றார்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: கரை மேடு பள்ளமில்லாத நடை, பாட்டிமாரும் நடக்கலாம். தடித்த செருப்பு அவசியம்.

அண்ணாச்சி, பெயர் கேட்டதற்கு "அதெல்லாம் எதுக்கு" என்று போய்விட்டீர்கள். ரொம்ப நன்றி. அந்த ஊர்க்காரர் யாராவது இதைப் பார்த்தால் அவரிடம் சொல்லிவிடுங்கள், கால் ஆறிவிட்டது.