எங்கள் தெருவின் ஜன்னல்களுக்காக ஒரு மடல்

மாவட்ட கவுன்சிலின் திட்டமிடல் குழுவினருக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் பகுதிக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் எங்கள் தெருமுனை வீட்டின் பழைய மர ஜன்னல்களைப் பெயர்த்து வாசலில் சாய்த்து வைத்திருந்தார்கள். கையால் ஊதிச் செய்த அந்தக் காலத்துக் கண்ணாடி, அதன் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டுச் சுவர் லேசாக நெளிந்து தெரியும். மறுநாள் எல்லாம் குப்பை வண்டியில் போய்விட்டது, இப்போது அங்கே வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னல். உங்கள் அலுவலகத்தில் கேட்டால், அதற்கு அனுமதியே தேவையில்லை என்றார்கள்.

அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள லிஸ்டட் கட்டடமாக இருந்தால் ஒப்புதல் இல்லாமல் ஜன்னலைப் பெயர்ப்பது குற்றம். சர்ச்சும் பெரிய பண்ணை வீடும் அப்படித் தப்பிவிடுகின்றன. பட்டியலில் இல்லாத சின்ன வீடுகளுக்குக் கன்சர்வேஷன் ஏரியா, அதாவது ஊரின் ஒரு பகுதியையே சேர்த்துக் காக்கும் ஏற்பாடு, அந்தக் காவல் மட்டும்தான். வீட்டை இடிக்கவும் முகப்புக் கல்லை வேறொன்றால் மூடவும் அனுமதி வேண்டும், மரம் வெட்ட ஆறு வாரம் முன்பே சொல்ல வேண்டும், சரி. ஆனால் ஜன்னலும் கதவும் ஒவ்வொன்றாகப் போவதையோ, தெருவோரத்தில் ஒரு மீட்டருக்கும் குறைவான கல் மதிலை இடித்துவிட்டுக் கார் நிறுத்துவதையோ யாரும் கேட்க முடியாது. 1967-ல் கன்சர்வேஷன் ஏரியாவுக்கான சட்டம் வந்ததே, தனித்தனிக் கட்டடம் போதாது, ஊரின் முகத்தையே காக்க வேண்டும் என்றுதானே? பைபரி கிராமத்தின் ஆர்லிங்டன் ரோவைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், அதுவும் நெசவாளர்கள் குடியிருந்த சின்ன வீடுகளின் வரிசைதான்.

அனுமதி தேவையில்லாத இந்த மாதிரி மாற்றங்களுக்கும் அனுமதி கேட்க வைப்பது ஆர்ட்டிக்கிள் 4 உத்தரவு, அதை எங்கள் தெருவுக்குக் கொண்டுவாருங்கள். அது வந்தால் யாருக்கும் தடை இல்லை, மாற்றுவதற்கு முன் விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். ஓராண்டு முன்னறிவிப்போடு செய்தால் வீட்டுக்காரர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டிவரும் என்ற பயமும் வேண்டாம்.

அப்புறம், ஜனங்களையும் குறை சொல்ல மாட்டேன், குளிர் தாங்காமல்தான் மாற்றுகிறார்கள். மர ஜன்னலை வைத்துக்கொண்டே உள்பக்கம் இன்னொரு கண்ணாடி போடலாம் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? என் வீட்டிலேயே, எனக்கு முன்னால் இருந்தவர் கல் இடுக்குகளில் சுண்ணாம்புச் சாந்துக்குப் பதில் சிமெண்டை அப்பியிருக்கிறார். ஈரம் வெளியேற வழியில்லாமல், இப்போது விரல் வைத்தால் கல்லின் மேற்பரப்பு மாவாக உதிர்கிறது. கட்டடப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை ஊருக்கு அனுப்பி ஒரு சாயங்காலம் பேச வையுங்கள், நிறைய பேர் கேட்டுக்கொள்வார்கள்.

நேற்று நடந்து எண்ணினேன். இந்தத் தெருவில் பதினாறு வீடுகளில் இன்னும் மர ஜன்னல் இருக்கிறது. அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இந்தத் தெருவில் குடியிருப்பவன்