எடை போடாமல் கிடாவைக் கொடுக்காதீர்கள், அத்தா

டிப்பரரி, அயர்லாந்து
12.4.2025

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். நோன்புப் பெருநாள் இங்கே 30-ந் தேதியே வந்துவிட்டது, உங்களுக்கு மறுநாள். பக்கத்து டவுனில் ஒரு ஹாலில் தொழுதோம். கன்று ஈனும் சமயம் என்பதால் மத்தியானமே பண்ணைக்குத் திரும்பிவிட்டேன்.

போன வாரம் போனில் நீங்கள் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. வியாபாரி வந்து ஆறு கிடாவையும் பார்த்துவிட்டு, மொத்தமாக ஒரு விலை பேசி, அச்சாரம் கொடுக்க நிற்கிறார் என்றீர்கள். போனில் கணக்குச் சொன்னால் உங்கள் காதில் பாதிதான் விழுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். தங்கச்சி நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டட்டும்.

நான் வேலை செய்வது பால் பண்ணை என்றுதான் உங்களுக்குத் தெரியும். பால் மாடு போடும் காளங்கன்றுகளையும் முதலாளி கழித்துவிடாமல் வளர்க்கிறார். காயடித்து, இரண்டு கோடை புல்லில் மேயவிட்டு, கடைசிக் குளிர்காலம் கொட்டகையில் அடைத்துத் தீவனம் போட்டுத் தேற்றிக் கறிக்கு அனுப்புவார். ஒவ்வொரு மாட்டுக்கும் இரண்டு காதிலும் எண் போட்ட மஞ்சள் தோடு, கூடவே ஒரு பாஸ்போர்ட். பெயரே அதுதான். வயது 30 மாதத்தைத் தாண்டினால் கிலோவுக்குக் கூடுதலாக வரும் பணம் நின்றுவிடும் என்பதால், பிறந்த தேதியை யாரும் மறப்பதில்லை.

மாடு தேறிவிட்டதா என்று எப்படிப் பார்க்கிறார் தெரியுமா? நீங்கள் செய்கிற மாதிரியேதான். விலாவில் விரலை அழுத்தி, இடுப்புக்கு மேல் முதுகுத் தண்டில் உள்ளங்கையை வைத்து, அப்புறம் வால் அடியைப் பிடித்துப் பார்க்கிறார். வால் அடியில் இரண்டு பக்கமும் பஞ்சு மாதிரிக் கொழுப்பு கைக்குத் தட்டினால் மாடு தயார். ஒரு நாள் நானும் கையை வைத்து, "இது ரெடி, இதற்கு இன்னும் மூன்று வாரம் வேண்டும்" என்று பிரித்துச் சொன்னேன். எங்கே கற்றாய் என்று கேட்டார். என் அத்தாவிடம், ஆட்டில் என்றேன். அன்றிலிருந்து மாடு பிரிக்கும்போது என்னையும் கூப்பிடுகிறார்.

தயாரான மாட்டை ஒரு நாள்கூட வீணாக நிறுத்த மாட்டார்கள். அதற்கு மேல் தின்னும் தீவனமெல்லாம் கொழுப்பாகத்தான் ஏறும், அதற்கு விலை கிடையாது. கறித் தொழிற்சாலையில் உரித்துத் தொங்கவிட்ட உடலை எடை போட்டு, உருவத்துக்கு மேலிருந்து கீழாக ஈ, யூ, ஆர், ஓ, பி என்று ஐந்து தரமும், கொழுப்புக்கு 1 முதல் 5 வரை எண்ணும் போடுகிறார்கள். நடுவில் உள்ள ஆர்தான் அடிப்படை விலை. பால் மாட்டு வகையாதலால் எங்களுடையது பெரும்பாலும் ஓ தரத்தில் நிற்கும், விலை கொஞ்சம் குறையும். கொழுப்பு 5-க்குப் போனால் விலையை நன்றாகவே வெட்டிவிடுவார்கள்.

உயிரோடு விற்க வேண்டுமென்றால் மாட்டுச் சந்தை. முதல் தடவை போனபோது துண்டுக்குள் விரல் பிடித்து ரகசியமாக விலை பேசும் ஆளைத்தான் என் கண் தேடியது. இங்கே ஒவ்வொரு மாடும் வளையத்துக்குள் வரும்போதே எடை மேடையில் ஏறிவிடுகிறது. எத்தனை கிலோ என்று தலைக்கு மேல் பலகையில் எண் விழுகிறது. வாங்குகிறவன், விற்கிறவன், வேடிக்கை பார்க்கிறவன் எல்லாருக்கும் அதே எண்தான். ஏலம் முடிந்ததும் விற்றவர் கொஞ்சம் காசை எடுத்து வாங்கியவர் கையில் திருப்பிக் கொடுக்கிறார். மாடு ராசியாக இருக்கட்டும் என்று பழைய வழக்கமாம். நம் ஊரில் பரக்கத்துக்கு என்று கொடுப்பது மாதிரியே இருந்தது. அன்று உங்களை ரொம்ப நினைத்துக்கொண்டேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வாரம் முன்பு 18 மாடுகளை அனுப்பத் தயாரானோம். தொழிற்சாலைக்கு மாடு பிடிக்கும் ஆள் போனில் ஒரு விலை சொன்னார். முதலாளி சரி என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, பக்கத்துப் பண்ணைக்காரரைக் கூப்பிட்டார். "உனக்கு என்ன கொடுத்தார்கள்?" அவ்வளவுதான் கேள்வி. அவருக்கு முந்தின வாரம் கிலோவுக்கு 10 சென்ட், அதாவது ஒரு யூரோவில் பத்தில் ஒரு பங்கு, கூடுதலாகக் கிடைத்திருந்தது. இன்னும் ஒருவரைக் கேட்டார், அவரும் அதையே சொன்னார். திரும்பப் போன் போட்டு அந்த விலையைச் சொல்ல, அந்த ஆள் ஒத்துக்கொண்டார். எங்கள் மாடு உயிரோடு 650 கிலோ, உரித்தால் 330 கிலோ அளவில் நிற்கும். 18 மாட்டுக்கு 10 சென்ட் என்றால் 594 யூரோ. நம் காசுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல், அத்தா. இரண்டு போன் பேசியதில் வந்தது.

இவர்கள் சேர்ந்து டீ குடித்தால் பேச்சு இதுதான். யாருக்கு என்ன விலை, எந்தத் தரம், எத்தனை கிலோ வெட்டிக் கழித்தார்கள் என்று ஒளிக்காமல் சொல்கிறார்கள். அடிபட்டுத்தான் இப்படி ஆனார்களாம். 2019-இல் விலை கிலோ 3½ யூரோ அளவுக்கு விழுந்தபோது, விவசாயிகள் தொழிற்சாலை வாசல்களில் வாரக்கணக்கில் மறியல் செய்தார்கள். போன வருஷம் ஆரம்பத்தில் 5 யூரோவாக இருந்தது, இப்போது 7-ஐ ஒட்டி நிற்கிறது. வெட்டுக்கு வரும் மாடு குறைந்துவிட்டது, அதனால் ஏற்றம். ஏறியபோதும் இவர்கள் விசாரிப்பதை விடவில்லை.

இனி நம் கிடாக்கள். போன வருஷம் அந்தச் செவலைக் கொடி இனக் கிடாவைப் பார்த்து வியாபாரி என்ன சொன்னார்? "12 கிலோ கறி விழும், அதற்கு மேல் விழாது." பெரியத்தா மகன் கீழக்கரையில் அதைக் குர்பானி கொடுத்த வீட்டுக்கே போயிருந்தார். 15 கிலோவுக்கு மேல் விழுந்தது என்று வந்து சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? அன்று ராத்திரி நீங்கள் ஒன்றும் பேசாமல் படுத்துவிட்டீர்கள். உப்பளத்தில் வேலை முடித்து வந்து, உடைமர நெத்து பொறுக்கிப் போட்டு, கிணற்றுத் தண்ணீர் உப்பேறினால் குடத்தில் நல்ல தண்ணீர் சுமந்து வளர்த்த கிடா அது. அந்த 3 கிலோ உங்கள் உழைப்பு. அதை இன்னொருவர் வெறும் கண்ணால் பார்த்துக் கழித்துவிட்டுப் போனதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

அதனால் அச்சாரம் வாங்காதீர்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. நாளுக்கு 50 கிராம் ஏறினால்கூட, ஒரு கிடாவுக்கு 2 கிலோ 800 கிராம் வரும். இப்போதே கைமாற்றினால் அது வியாபாரி கொட்டிலில்தான் ஏறும். பணத்துக்கு நெருக்கடி என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை அனுப்புகிறேன், தங்கச்சி காலேஜ் பீஸுக்கும் சேர்த்து.

அதில் கொக்கியோடு கூடிய தொங்கு தராசு ஒன்று வாங்குங்கள். 50 கிலோ வரை காட்டினால் போதும். சாக்கைத் தொட்டில் மாதிரிக் கட்டிக் கிடாவை அதில் தூக்கினால் ஒரு நிமிஷ வேலை. 30 கிலோ நின்றால் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கறி விழும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பேசுங்கள். குர்பானிக் கிடாவுக்கு எடை மட்டும் விலை இல்லை. கொம்பு முறியாமல், காது கிழியாமல், ஒரு வயது நிறைந்து அழகாக நின்றால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. அதை எடைக்கு மேல் கேளுங்கள், எடைக்குள் சேர்க்காதீர்கள்.

அப்புறம், தெருவில் ஆடு வைத்திருக்கும் நாலு வீட்டிலும் போய் உட்கார்ந்து பேசுங்கள். மச்சானிடமும் கேளுங்கள், சாயல்குடியில் அவருக்குத் தெரிந்தவர்கள் என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்று. அடுத்தவர் வியாபாரத்தைக் கேட்பது கூச்சம் என்று நீங்கள் சொல்வீர்கள். வியாபாரி ஒவ்வொரு வீட்டு விலையையும் தெரிந்துகொண்டுதான் நம் வாசலுக்கு வருகிறார், அத்தா. நமக்கு மட்டும் ஏன் கூச்சம்?

இங்கே இப்போது மாடுகளைப் புல்லுக்குத் திறந்துவிட்டாயிற்று. ஐந்து மாதம் கொட்டகையில் கிடந்ததுகள், கதவைத் திறந்ததும் கன்றுக்குட்டி மாதிரித் துள்ளி ஓடுகின்றன. பச்சை கண்ணுக்கு எட்டிய மட்டும் இருக்கிறது. கடல்தான் இல்லை. காற்று மேற்கிலிருந்து வரும் சில நாள் லேசாக ஈர வாடை அடிக்கும், வாலிநோக்கம் கரையில் நிற்கிற மாதிரி ஒரு நொடி தோன்றும்.

அம்மாவுக்கு ஸலாம் சொல்லுங்கள். தராசு வந்ததும் ஆறு கிடாவையும் நிறுத்து, தேதி போட்டு, தங்கச்சியை ஒரு தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளைக் காது குட்டியையும் சேர்த்து நிறுங்கள். அது விற்பதற்கு இல்லை, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க ஆசை.

துஆவுடன்,
உங்கள் மகன்