ஹாஸ்கெல் ஃபார்மேட்டர் புள்ளிக்கு முன்னுள்ள இடைவெளியை நீக்குவது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

ஆண்டுச் சந்தா கட்டி நாங்கள் பயன்படுத்தும் உங்கள் ஃபார்மேட்டர் (நிரலின் இடைவெளிகளைச் சீராக்கும் கருவி), சரியாகக் கம்பைல் ஆகும் ஹாஸ்கெல் மொழி நிரலைக் கெடுக்கிறது. "இது கம்பைலர் பிழை" என்று சொல்லி எங்கள் புகார் டிக்கெட்டை மூடிவிட்டீர்கள். ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஎச்சி விதிப்படிதான் நடக்கிறது, பிழை உங்களுடையது.

ஒரு கோப்பில், ஃபால்ஸ் என்ற மதிப்பிலிருந்து தொடங்கும் வரம்பை [ஃபால்ஸ் ..] என்று எழுதிச் சேமித்துப் பாருங்கள். இடைவெளி போய் [ஃபால்ஸ்..] ஆகிவிடும். ஹாஸ்கெல் 2010 அறிக்கையின் 2.4-ஆம் பிரிவுப்படி, பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரோடு இரண்டு புள்ளிகள் ஒட்டி வந்தால், முதல் புள்ளி மாட்யூல் (நிரல் தொகுதி) பெயரைப் பிரிக்கும் புள்ளி, இரண்டாவது ஆபரேட்டர் (செயற்குறி). எனவே 'ஃபால்ஸ்' என்ற மாட்யூலின் ஆபரேட்டராக இதைப் படித்து, கம்பைலர் பிழை காட்டி நிறுத்திவிடுகிறது. [1..10] என்பதிலோ, சிறிய எழுத்து மாறியோடு வரும் வரம்பிலோ இந்தச் சிக்கல் வராது. உங்கள் சோதனைகளில் இந்த வகை மட்டும்தான் இருக்கிறதோ என்று சந்தேகிக்கிறோம்.

இதைவிட மோசமானது ஃபங்ஷன் கம்போசிஷன், அதாவது இரண்டு ஃபங்ஷன்களைப் புள்ளியால் இணைப்பது. டேட்டா.செட் மாட்யூலை 'செட்' என்ற பெயரில் குவாலிஃபைடாக (மாட்யூல் பெயரை முன்னால் சேர்த்து அழைக்கும்படி) இம்போர்ட் செய்த கோப்பில், எண்களின் லிஸ்டை ஏற்கும் 'செட்' என்ற கன்ஸ்ட்ரக்டரும் (மதிப்பை உருவாக்கும் பெயர்) இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'செட் . ஃபில்டர் ஈவன்' என்பதை நீங்கள் ஒட்டினால் 'செட்.ஃபில்டர் ஈவன்' ஆகிறது. அப்படி ஒரு ஃபங்ஷன் அந்த மாட்யூலில் உண்மையிலேயே உண்டு! பெயர் கிடைத்துவிடுவதால், பிழைச் செய்தி டைப் (தரவு வகை) பொருந்தவில்லை என்றுதான் வரும். புள்ளியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது. படிப்பவர் டைப்களையே நோண்டிக்கொண்டிருப்பார்.

சிறிய எழுத்துப் பெயர்களும் தப்பவில்லை. ஜிஎச்சி 9.2-இல் வந்த ஓவர்லோடட் ரெக்கார்ட் டாட் வசதியை இயக்கிய கோப்பில் 'எஃப் . ஜி' ஒட்டிப்போனால், அது எஃப்-இன் 'ஜி' என்ற ஃபீல்டை எடுப்பதாகிவிடும். செட்டிங்கில் ஆபரேட்டர் இடைவெளியை மாற்றும் வசதியை அணைத்தால் கம்போசிஷன் பிழைக்கிறது, வரம்புகள் அப்போதும் ஒட்டித்தான் வருகின்றன.

கோருவது இதுதான். புள்ளிக்கு முன்னும் பின்னும் எழுதியவர் விட்ட இடைவெளியைத் தொடாதீர்கள். கோப்பைச் சேமிக்கும் முன், மாற்றிய உரையை மறுபடி லெக்சரில் (உரையை டோக்கன்களாக, அதாவது பெயர், குறி போன்ற துண்டுகளாகப் பிரிக்கும் நிரலில்) ஓட்டி, டோக்கன் வரிசை மூலத்தோடு ஒத்துப்போகாவிட்டால் கோப்பை அப்படியே விட்டுவிடுங்கள். ஃபார்மேட்டர் எதற்கும் இது அடிப்படைச் சோதனை. மூடிய டிக்கெட்டைத் திறந்து, திருத்திய பதிப்பு வரும் தேதியை எழுத்தில் தெரிவியுங்கள். முடியாதென்றால் மீதமுள்ள மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தாருங்கள். மூன்று வகைக்கும் மாதிரிக் கோப்புகளை இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
சந்தாதாரர் குழு