படமாக்க முடியாத நாவல் உண்டா?

ஆசிரியருக்கு,

கதையோட்டம் இல்லாத நாவல்கள் திரைக்கு ஒத்துவராது என்கிறது உங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரை. இதை ஏற்க முடியவில்லை. ஆங்கில நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்ன் 1759 முதல் 1767 வரை ஒன்பது பாகங்களாக வெளியிட்ட 'டிரிஸ்ட்ராம் ஷாண்டி'யில், தன் வாழ்க்கையைச் சொல்ல வந்தவன் இரண்டு பாகங்கள் முடிந்தும் பிறந்தபாடில்லை. அதைப் படமாக்கப் போராடும் குழு படும் பாட்டையே 2005-இல் நகைச்சுவைப் படமாக எடுத்தார் மைக்கேல் விண்டர்பாட்டம். அந்தப் படத்தில், நாவலைப் படிக்காமலே நடிக்க வந்த நாயகன், சக நடிகரைவிடத் தன் காலணி உயரமாக இருக்க வேண்டும் என்று மல்லுக்கு நிற்கிறார். போர்க்காட்சியோ பணப் பிரச்சினையில் இழுபடுகிறது. எதையும் முடிக்க விடாத அந்த நாவலின் குணத்துக்கு இதைவிட நேர்மையான திரைவடிவம் இருக்க முடியாது.

வியாசர்பாடியில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைத் திரையிட்டபோது, நாவலின் பெயரையே கேட்டிராத கல்லூரிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் சிலர் நாவலையும் கேட்டு வாங்கிப் போனார்கள். வடசென்னைக் கிளை நூலகங்கள் மாதம் ஒரு ஞாயிறு, ஒரு நாவலையும் அதிலிருந்து பிறந்த படத்தையும் சேர்த்து வைத்துப் பேச இடம் தர வேண்டும்.

- ஒரு வாசகி, வியாசர்பாடி