கழற்றி மாட்டினால் கெட்டுப்போகும் இயர்போன்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
மைக்செட், மெல்லிசைத் தொழிலாளர்கள்,
மேலப்பாளையம், திருநெல்வேலி.

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஒலித்தன்மையை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள வயர் இயர்போன் ஆறு செட்டில் ஐந்து பழுதானதும், வாரண்டி மறுக்கப்பட்டதும் குறித்து.

ஐயா / அம்மா, வணக்கம்.

உங்கள் இணையதளத்தில் நேரடியாக வாங்கிய ஆறு செட்டில் மூன்று, இடப்பக்கம் விட்டு விட்டுக் கேட்கிறது. ஒன்றில் ஃபில்டரின் (ஒலித்தன்மையை மாற்ற முனையில் திருகும் சிறு பாகம்) மரை பிடிக்கவில்லை. இன்னொன்றில் இரண்டு காதுக்கும் ஒரே மாதிரி சத்தம் வரவில்லை. ஆறாவது மட்டும் நன்றாக ஓடுகிறது. அது கீபோர்டு வாசிப்பவரிடம் இருக்கிறது; மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து வாசிப்பவர், வாங்கிய நாளிலிருந்து வயரையோ ஃபில்டரையோ கழற்றியதே இல்லை.

சர்வீஸ் சென்டரிலிருந்து வந்த பதில் ஒரே வரி: "பிஸிக்கல் டேமேஜ், வியர்வை பாதிப்பு, வாரண்டி பொருந்தாது." இதை நாங்கள் ஏற்கவில்லை. பெட்டிக்குள் மூன்று ஜோடி ஃபில்டர், கூட்டில் (காதில் மாட்டும் பகுதியின் உடல்) ஒலியை மாற்ற நான்கு சுவிட்ச், கழற்றி மாட்டும் வயர் என்று சொல்லித்தான் சாதாரண இயர்போனைவிட விலை கூட்டி விற்றீர்கள். கழற்றி மாட்டுவதற்காகவே செய்த பாகம் கழற்றி மாட்டியதால் கெட்டது என்றால், பூட்டை விற்றவர் "சாவி போட்டுத் திறந்திருக்கிறீர்கள், அதனால்தான் போயிற்று" என்று சொல்வது போலத்தான். எந்தப் பாகம் ஏன் போனது என்று கீழே எழுதியிருக்கிறோம். இதைக் கால்சென்டரோடு நிறுத்தாமல் டிசைன் பார்ப்பவர்களின் கைக்கு அனுப்புங்கள்.

முதலில் வயர் கூட்டோடு சேரும் இடம். அங்கே எம்.எம்.சி.எக்ஸ். சாக்கெட் வைத்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு ஊசி, அதைச் சுற்றி ஒரு வளையம், 'டிக்' என்று விழுந்து பூட்டிக்கொள்ளும். பூட்டிய பிறகும் சுழலும். சுழல்வதை வசதி என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்கள். எங்களுக்கு அதுதான் வினை. பாடுபவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் அந்த வளையம் தேய்கிறது. போதாக்குறைக்கு, வயர் காதுக்குப் பின்னால் வளைந்து வருவதால் வியர்வை வயரோடு வழிந்து நேரே அந்த மூட்டில் போய் நிற்கிறது. உப்புநீர் காய்ந்து பச்சைக் களிம்பு ஏறுகிறது. ஆடி, ஆவணிக் கொடையில் (கோயில் திருவிழாவில்) நள்ளிரவுச் சாமக்கொடை முடிந்து இறங்கும்போது சட்டையைப் பிழியலாம். அந்த வியர்வை இந்த மூட்டுக்கும்தான்.

பழுது வயரிலா கூட்டிலா என்று கண்டுபிடிக்க உங்கள் சர்வீஸ் ஆட்கள் எதையும் செய்ததாகத் தெரியவில்லை. செய்வது சுலபம். இடது வயரை வலது கூட்டிலும் வலது வயரை இடது கூட்டிலும் மாட்டிப் பாருங்கள். சத்தம் வெட்டுவது வயரோடு சேர்ந்து அடுத்த பக்கத்துக்குப் போனால் வயர் பழுது. அதே கூட்டிலேயே நின்றால் சாக்கெட் பழுது. எங்கள் மூன்று செட்டிலும் கூட்டிலேயே நின்றது. அடுத்து, வயரைப் பழையபடி மாட்டி, மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, 3.5 மி.மீ. பிளக்கின் நுனியில் ஒரு முனையையும் அடிப்பகுதியில் இன்னொரு முனையையும் தொட்டால் இடப்பக்கம் எவ்வளவு என்று காட்டும். நுனிக்குப் பதிலாக நடு வளையத்தைத் தொட்டால் வலப்பக்கம். நல்ல செட்டில் வயரைச் சுழற்றினாலும் எண் அசையாது. பழுதான செட்டில் கால் சுற்றுச் சுழற்றுவதற்குள் எண் தாவித் தாவி ஏறி, கடைசியில் இணைப்பே இல்லை என்பதற்கு அடையாளமாக இடது ஓரத்தில் வெறும் 1 வந்து நிற்கிறது. மூன்றையும் வீடியோ எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறோம்.

கூட்டின் மேல் ஒரு கீறல் கிடையாது. பிஸிக்கல் டேமேஜ் எங்கே என்று படத்தில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். இந்தச் சாக்கெட்டைக் கழற்றும்போது நேராக இழுக்க வேண்டும், இடுக்கில் நகத்தைக் கொடுத்து நெம்பினால் வளையம் விரிந்துவிடும். இது எங்களுக்குத் தெரியும். உங்கள் கையேட்டில் அதற்கு ஒரு படம்கூட இல்லை. மேடைக்கென்று விற்பதானால் 0.78 மி.மீ. இரட்டை ஊசிச் சாக்கெட்டைக் கூட்டுக்குள் சற்றுப் பள்ளமாக வைத்திருக்கலாம். அது சுழலாது. அசட்டையாக மாட்டினால் ஊசி வளையும் என்ற தொல்லை அதற்கு உண்டு. ஆனால் வளைந்த ஊசி வயரில்தான் இருக்கும், வயரை மாற்றினால் பெரும்பாலும் கதை முடிந்தது. இதில் கூட்டையே மாற்ற வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, ஃபில்டர். கூடு அலுமினியம், நாசிலின் (காதுக்குள் நீளும் குழாய் முனை) மரையும் அதே அலுமினியத்தில் கடைந்தது. அதில் திருகும் ஃபில்டர் பித்தளை. இரண்டு வேறு உலோகம் ஒட்டி நின்று நடுவில் உப்புநீர் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் மரைப் பள்ளத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. அதோடு திருகினால் மரை கடித்துக்கொண்டு பிய்கிறது. உவரி மாதிரிக் கடற்கரை ஊர்களில் வேலை என்றால் காற்றிலேயே உப்பு, கேட்கவே வேண்டாம். நாசிலில் பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ ஒரு மரை வளையம் பதித்து, ஃபில்டரின் அடியில் ஒரு ரப்பர் வாஷர் போட்டிருந்தால் இந்தக் கோளாறு பெருமளவு வந்திராது. வாஷர் இல்லாததால் இன்னொன்றும் நடக்கிறது. காதிலிருந்து எடுக்கும்போது காதை அடைக்கும் சிலிக்கோன் டிப்போடு ஃபில்டரும் கழன்று வந்துவிடுகிறது. மேடை இருட்டில் விழுந்தால் போனதுதான். உதிரி கேட்டால் "தனியாக விற்பதில்லை" என்கிறீர்கள். ஒரு ஃபில்டர் தொலைந்தால் மிச்சம் இருப்பதும் வீண், ஏனென்றால் இரண்டு காதுக்கும் ஒரே வகை ஃபில்டர்தான் போட முடியும்.

ஃபில்டரின் முகத்தில் இருக்கும் வலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காதுக்குறும்பி அதில் அடைத்தால் முதலில் போவது கூர்மையான ஒலிகள்: ஜால்ரா, ஹை-ஹாட், 'ச', 'ஸ' எழுத்துகள். பிறகு அந்தப் பக்கச் சத்தமே இறங்கும். சுத்தம் செய்ய உங்கள் கையேட்டின் பராமரிப்புப் பக்கம் "ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கவும்" என்கிறது. வாரண்டி அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்து "ஆல்கஹால் முதலான ரசாயனங்களால் வரும் பாதிப்புக்கு வாரண்டி இல்லை" என்கிறது. வலை பசையில் ஒட்டியது. ஆல்கஹால் பட்டால் பசை இளகும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, வாங்குபவருக்கு மட்டும் சொல்லவில்லை. நாங்கள் ஃபில்டரைக் கழற்றி, வலை கீழே பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷால்தான் தட்டுகிறோம். அழுக்கு உள்ளே போகாமல் வெளியே விழ அதுதான் வழி. கையேட்டில் இருக்க வேண்டியது இது.

சுவிட்ச் விஷயத்துக்கு வருகிறோம். ஒவ்வொரு கூட்டிலும் நான்கு. ஏற்றி இறக்கி வைத்தால் 16 விதம் என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கிறீர்கள். எந்த விதம் எந்த அலைவரிசையை எத்தனை டெசிபல் மாற்றும் என்று எங்கும் இல்லை. 'பேஸ்', 'வோக்கல்', 'லைவ்' என்று பெயர்கள் இருக்கின்றன. கிராஃப் ஒன்று இருக்கிறது, அதன் நிற்கும் அச்சில் எண் கிடையாது. எண் இல்லாத கிராஃபை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அளந்தது ஐ.இ.சி. 60318-4 செயற்கைக் காதிலா வேறொன்றிலா என்றும் சொல்லவில்லை. அந்தச் செயற்கைக் காதில் அளந்தால் கிராஃபில் 8 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு வரும், காதுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்பதைப் பொறுத்து அது நகரும். படிக்கத் தெரிந்தவருக்கு இந்த விவரம் தேவை.

பழுதான ஐந்தாவது செட்டில் இடக் கூட்டின் மூன்றாவது சுவிட்ச் பாதித் தொடுப்பில் நிற்கிறது. மேலே மூடி இல்லாத பள்ளம்; தூசி நேராக இறங்குகிறது. திசையன்விளைப் பக்கம் தேரி மண் (செம்மணல்) பறக்கும் நாளில் வேலை பார்த்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட தூசி என்று தெரியும். இதைச் சோதிக்க ஒரு மோனோ ஒலி போதும். சுருதிப் பெட்டியை ஒரே சேனலில் அனுப்பி, சுவிட்சுகள் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்தால், ஒலி தலையின் நடுவில் நிற்க வேண்டும். இதில் வலப்பக்கம் சாய்கிறது. அடுத்த காதுக்கு மாற்றி மாட்டினால் சாய்வும் எதிர்ப்பக்கம் போகிறது. ஆகவே காது கோளாறு இல்லை, கூட்டின் கோளாறு.

சுவிட்சைத் தட்டினால் இம்பிடன்ஸும் (மின்னோட்டத்துக்கு இயர்போன் காட்டும் தடை) மாறுகிறது. பெட்டியில் 16 ஓம் என்று ஒரே எண்தான். இயர்போனின் இம்பிடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் இம்பிடன்ஸ் இருக்கக் கூடாது என்பது பொதுக் கணக்கு. 16 ஓமுக்கு 2 ஓம். சுவிட்சால் ஓர் அலைவரிசையில் இம்பிடன்ஸ் இன்னும் இறங்கினால், இடுப்பில் மாட்டும் பாடிபேக்கில் (மேடை ஒலியை வாங்கி இயர்போனுக்குத் தரும் சிறு பெட்டி) கேட்பதும் போனில் கேட்பதும் இரண்டு விதமாக ஆகிவிடும். கடையில் போனில் கேட்டுத் தேர்ந்தெடுத்தவர் மேடையில் ஏறி ஏமாறுவது இதனால்தான். உங்கள் ஆப்பில் இருக்கும், ஒலியைத் திருத்தும் ஈக்வலைசரும் அப்படியே: போனில் மட்டும் வேலை செய்யும், 3.5 மி.மீ. வயரில் பாடிபேக்கோடு சேர்த்தால் அது இல்லவே இல்லை. அதையும் பெட்டியில் எழுதவில்லை.

'பேஸ் குறைகிறது' என்று எங்களில் ஒருவர் எழுதியதற்கு, முதல் சுவிட்சை ஏற்றுங்கள் என்று பதில் போட்டீர்கள். இயர்போனில் பேஸ் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது டிப் காதை அடைக்கிறதா என்பது. சிறிய கசிவு இருந்தாலும் பேஸ் ஓடிவிடும், எந்தச் சுவிட்சும் அதைத் திருப்பித் தராது. உங்கள் நாசில் வழக்கத்தைவிடத் தடிமன், விளிம்பும் மழுக்கம். கடையில் கிடைக்கும் ஃபோம் டிப்புகள் ஏறுவதில்லை, ஏறினாலும் நிற்பதில்லை. நீங்கள் தந்ததோ நடுத்தரம், பெரியது என்று இரண்டே அளவு.

இனி பெட்டியின் முகப்பில் இருக்கும் ஐபிஎக்ஸ்5 என்ற நீர்த்தடுப்புத் தர முத்திரை. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது: 6.3 மி.மீ. குழாய் முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சுவார்கள். உப்பு வியர்வைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எக்ஸ் என்ற எழுத்து இருக்குமிடம் தூசிக்கானது. தூசிக்கு எந்தத் தரமும் அறிவிக்கவில்லை என்று அர்த்தம். இவ்வளவையும் தெரிந்துகொண்டு முத்திரைக்குப் பக்கத்தில் வியர்வை சொட்டச் சொட்டப் பாடும் ஒருவரின் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். அப்படிப் போட்டுவிட்டு "வியர்வை பாதிப்பு" என்று கையை விரிப்பது நியாயமா?

ஒரு பக்கம் போவது வெறும் எரிச்சல் இல்லை. பக்கத்திலேயே நையாண்டி மேளம் முழங்கும்போது இடக்காது வெட்டினால், பாடுபவர் கை தானாகவே பாடிபேக்கின் சத்தத்தைக் கூட்டும். நன்றாக இருக்கிற வலக்காது அத்தனையையும் வாங்கும். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது தொழிலிடங்களுக்குச் சொல்லப்படும் வரம்பு; 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகிறது, 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம். கொடை மேடையில் அதை எத்தனை சீக்கிரம் தாண்டுவோம் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

வாரண்டி அட்டையில் "தொழில் பயன்பாட்டுக்குப் பொருந்தாது" என்று ஒரு வரி இருக்கிறது. அதையும் எடுத்து நீட்டுவீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: பெட்டியில் "மேடைக் கலைஞர்களுக்காக" என்று அச்சிட்டவர்கள் நீங்கள். தவிர, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 2(7) பிரிவின் விளக்கம் சொல்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை நீங்கள் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

நாங்கள் கேட்பது இது. சாக்கெட் போன மூன்று செட்டுக்கும் சுவிட்ச் போன ஒன்றுக்கும் புதுக் கூடு, மரை போனதற்குப் புதுக் கூடும் ஒரு ஜோடி ஃபில்டரும், செலவு உங்களுடையதாக. அதே சாக்கெட்டை வைத்த கூட்டையே திருப்பி அனுப்பினால் அடுத்த கொடைக்குள் மறுபடி இதே கடிதம் வரும். ஆகவே மாற்றிய வடிவம் கைவசம் இல்லை என்றால் ஐந்துக்கும் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். ஃபில்டர், வலை, வயர் மூன்றையும் உதிரியாக விலை போட்டு விற்க வேண்டும். ஒவ்வொரு சுவிட்ச் நிலைக்கும் டெசிபல் எண்ணும் குறைந்தபட்ச இம்பிடன்ஸும், நாசிலின் வெளிவிட்டமும் இணையதளத்தில் வர வேண்டும். வாங்குபவர் பார்த்துத் தேர்ந்தெடுக்க இவைதான் உதவும், 'ஸ்டுடியோ தரம்' என்ற வார்த்தை உதவாது. ஆல்கஹால் பற்றிய இரண்டு வாக்கியங்களில் எது சரி என்று எழுத்தில் சொல்லுங்கள்.

கெடு தாண்டினால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவோம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால் உங்கள் ஊருக்கு நாங்கள் வர வேண்டியதில்லை.

பழுதான ஐந்து செட்டும் வயர், டிப், ஃபில்டரோடு அந்தந்தப் பெட்டியிலேயே தயாராக இருக்கின்றன. கூரியர் ஆளை அனுப்புங்கள். எடுத்துக்கொள்ளும்போது ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் எழுதி ரசீது தரச் சொல்லுங்கள்.

இணைப்பு: விலைப் பட்டியல் நகல், வாரண்டி அட்டையின் இரு பக்கப் படம், மல்டிமீட்டர் வீடியோ, மரையின் நெருக்கப் படங்கள்.

இப்படிக்கு,
மைக்செட், மெல்லிசைத் தொழிலாளர்கள்,
மேலப்பாளையம்.